பாணனாகும் பாதை

1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் கற்பனை விளையாட்டில், மேஜையைச் சுற்றி அமர்வோர் ஏற்பதற்கு வீரன், மந்திரவாதி, சமயகுரு என மூன்று வேஷங்களே ஆதியில் இருந்தன. பிற்பாடு சேர்ந்தவற்றுள் விசித்திரமானது, 1978-ஆம் ஆண்டு விதிநூலின் அனுபந்தத்தில், பந்திக்குப் பிந்திய விருந்தாளிபோல் இடம்பெற்ற பாணன். இவ்வேஷத்தை விரும்பியவர், முதலில் போர்வீரராக ஐந்தாம் படியேனும் எட்டி, எட்டாம் படியை அடையுமுன் அதைத் துறந்து, திருடராகி அவ்வித்தையிலும் தேறிய பின்னரே, வனபூசகர்களாகிய டுரூயிட்டுகளிடம் சிஷ்யராய் அமர்ந்து பாணராக இயன்றது. பாத்திரத்தின் திறன்களுக்குப் பகடை தந்த எண்களும் அபூர்வமாய் உயர்ந்திருத்தல் அவசியமாயிருந்தது. யாழ் கைக்கு வருமுன் பலருடைய பொறுமை தீர்ந்திருக்கும் என்பதில் எமக்குச் சந்தேகமில்லை. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பின் விதிநூல், ஆரம்பத்திலேயே பாணனாக ஆட அனுமதித்தது.