சந்தோஷ் கோப்பையும் நாமும்

சந்தோஷ் கோப்பை என்றதும், மகிழ்ச்சியின் பெயரால் வைத்த கோப்பை என்று எண்ணுவோர் நம் விடுதியிலேயே சிலர் உண்டு. சந்தோஷ் என்பது ஓர் ஊர். இன்று அது வங்காளதேசத்தில் தங்காயில் மாவட்டத்தில் இருக்கிறது. அவ்வூர் ஜமீன்தாராகிய மகாராஜா மன்மதநாத் ராய் சௌத்ரி, கல்கத்தாவின் கால்பந்துச் சங்கத்துக்குத் தலைவராக விளங்கியவர். அவர் நினைவாக அச்சங்கம் அளித்த கோப்பைக்காக 1941 முதல் மாகாணங்களும், பின்னர் மாநிலங்களும் ஆடி வருகின்றன. முதல் ஆண்டில் வென்றது வங்காளம். அதன்பின் அந்த அணி வென்ற கணக்கைச் சொன்னால் மற்றவர்களுக்குச் சோர்வு வரும். ஆயினும் சொல்லத்தான் போகிறேன்.

அக்கோப்பையின் இறுதியாட்டம் 2024 டிசம்பர் 31 இரவு நம் வாசலுக்கே வந்தது. கச்சிபௌலியில், நம் பல்கலைக்கழகத்துக்கு அருகில் இருக்கும் பாலயோகி விளையாட்டரங்கில், கேரளமும் மேற்கு வங்கமும் மோதின. அரையிறுதியில் கேரளம் மணிப்பூரை 5-1 என்றும், வங்கம் சர்வீசஸ் அணியை 4-2 என்றும் வீழ்த்தியிருந்தன. இவ்விருவருக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 2018-இல் கல்கத்தாவிலும், 2022-இல் மஞ்சேரியிலும் நடந்த இறுதியாட்டங்களில் கேரளமே வென்றது. இரண்டும் பெனால்டி உதைகளால் முடிந்தவை. எங்கள் வரிசை முழுவதும் மலையாள நண்பர்கள். நானும் என் அறைத்தோழரும் தமிழில் பேசிக்கொண்டது எங்களுக்கே கேட்கவில்லை.

தொண்ணூறு நிமிடம் முடிந்தும் ஒரு கோல் இல்லை. இங்கே ஆட்டத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு சொல். தொண்ணூறு நிமிடத்துக்குப் பின் வரும் நேரம் இருவகைப்படும். அடிபட்டு விழுதல், ஆள் மாற்றுதல் முதலியவற்றில் வீணான நேரத்தை நடுவர் கணக்கிட்டுத் திருப்பித் தருவது ஒன்று; அது ஆட்டத்தின் பகுதியே. அதற்குப் பின்னும் சமநிலை நீடித்தால், மேலும் முப்பது நிமிடம் ஆடச் செய்வது மற்றொன்று. அரங்கமே அந்த முப்பது நிமிடத்துக்கு ஆயத்தமாகிவிட்டது. அப்போது, முதல் வகையைச் சேர்ந்த நேரத்தின் நான்காம் நிமிடத்தில், வங்கத்தின் ரோபி ஹன்ஸ்டா கோல் அடித்தார். பழங்குடிக் குடும்பத்தில் பிறந்த அவர் அப்போட்டியில் அடித்த கோல்கள் 12. வங்கம் 1-0 என்று வென்றது. அது அவர்களுக்கு 33-ஆவது கோப்பை!

செய்தித்தாள்கள் அத்துடன் நிறுத்திக்கொண்டன. எனக்கு அதன்பின் நடந்ததே பெரிதாகப்பட்டது. அடுத்த மாதமே மேற்கு வங்க அரசு, வென்ற அணியின் ஆட்டக்காரர்களுக்கு அரசு வேலை அறிவித்தது. கோப்பை சங்கத்தின் அலமாரிக்குப் போகும். வேலைதான் வீட்டுக்குப் போகும். பெரும்பணம் புரளும் சூப்பர் லீக் குழுக்களில் இடம் கிடைக்காத இளைஞனுக்கு இது சோற்றுப் போட்டி. மேலாடையில் எழுதியிருப்பது மாநிலத்தின் பெயர். காற்சட்டைப் பையில் இருப்பது வேலைக்கான விண்ணப்பம்.

இதை அறிந்தால்தான் மற்றொரு புதிரும் விளங்கும். மாநிலங்கள் ஆடும் போட்டியில் சர்வீசஸ் என்னும் படைத்துறை அணிக்கும், இரயில்வே அணிக்கும் என்ன வேலை? வேலைதான் வேலை! நம் நாட்டில் கால்பந்தாட்டக்காரனுக்கு நெடுங்காலம் சம்பளம் தந்தவை படையும், காவல்துறையும், இரயில்வேயும், வங்கிகளும், ஆலைகளுமே. ஆகவே சம்பளம் தருவோரும் மாநிலங்களோடு மாநிலமாகக் களம் இறங்குகின்றனர். எவன் எந்த ஊரில் பிறந்தான் என்பதைவிட, எவன் எங்கே சம்பளம் வாங்குகிறான் என்பதே பல வேளைகளில் அவன் அணியை முடிவு செய்திருக்கிறது.

ஐதராபாத்தின் பெருமையும் இப்படி வந்ததுதான். இந்நகரக் காவல்துறை அணி பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை ஐந்தாண்டு தொடர்ந்து வென்றது. பள்ளி ஆசிரியராக இருந்த சையத் அப்துல் ரஹீம் அவ்வணிக்குப் பயிற்சியாளர். இந்தியாவுக்கு 1951-இலும் 1962-இலும் ஆசிய விளையாட்டில் தங்கம் பெற்றுத் தந்த அணிகளையும் பயிற்றியவர் அவரே. 1956, 1957 ஆகிய இரண்டாண்டும் சந்தோஷ் கோப்பை ஐதராபாத்துக்கே வந்தது. இரண்டாம் முறை வென்றது இந்த மண்ணிலேயே. 1963-இல் ரஹீம் மறைந்தார். ஆந்திரப் பிரதேசம் என்ற பெயரில் 1965-இல் ஒருமுறை வென்றதோடு அந்தக் கதை ஓய்ந்தது.

இனி நண்பர்களே, நம் கதைக்கு வருவோம். அந்த இரண்டு கோப்பைகளையும் வென்ற அணியில் துளசிதாஸ் பலராமன் என்றோர் இளைஞர் இருந்தார். 1936-இல் செகந்தராபாத்தின் அம்முகூடாவில், தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். நம்மைப் போல் இந்நகருக்குப் பிழைக்க வந்த தமிழர் வீட்டுப் பிள்ளை எனலாம். பிறகு கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் குழு அவரை அழைத்துக்கொண்டது, வங்காளத்துக்காகவும் ஆடினார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராகவும் பெருவுக்கு எதிராகவும் கோல் அடித்தவர் அவர். பின்னர் ஓர் இரயில்வே அணியில் சேர்ந்து, நோயின் காரணமாக இளம் வயதிலேயே ஆட்டத்தை விட்டார். 2023 பிப்ரவரியில் கல்கத்தாவில் காலமானார்.

இன்னொருவர் பீட்டர் தங்கராஜ். அவரும் ஐதராபாத்தில் பிறந்த தமிழர். நெடிய உருவம், நீண்ட கைகள். இங்குள்ள குழுக்களில் ஆடியபின், நீலகிரியில் வெலிங்டனில் உள்ள மதராஸ் படைப்பிரிவு மையத்தில் சேர்ந்தார். அவர் கோல் காக்க, அம்மையத்தின் அணி 1955-இலும் 1958-இலும் டூரண்டு கோப்பையை வென்றது. 1960-இல் சர்வீசஸ் சந்தோஷ் கோப்பையை வென்றபோதும் கோல் காவலர் அவரே. 1962-இல் ஜகார்த்தாவில் தங்கம் வென்ற இந்திய அணியில் பலராமன், தங்கராஜ் இருவருமே இருந்தனர்.

ஆக, தமிழர் கைகள் இக்கோப்பையைத் தொட்டிருக்கின்றன: ஐதராபாத்தின் பெயரால் தொட்டன, படையின் பெயரால் தொட்டன. தமிழ்நாட்டின் பெயரால் மட்டும் இதுவரை தொடவில்லை. 2012-இல் கட்டக்கில் இறுதிவரை சென்று, 2-3 என்று தோற்றது நம் மாநிலம். தோற்கடித்தது எந்த அணி என்கிறீர்கள்? சர்வீசஸ்தான். சம்பளம் தருபவன் வென்றான்.

திறமை இல்லை என்று சொல்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. சென்னை லீக்கில் ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி போன்ற அணிகள் எத்தனை குடும்பங்களுக்கு அரிசி வாங்கித் தந்தன என்பதைப் பழைய ஆட்டக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்த வேலைகள் குறையும்போது, பதினெட்டு வயதுப் பையன் பந்தைப் பரணில் போட்டுவிட்டு வேறு பிழைப்புத் தேடுகிறான். தனியார் குழுக்கள் அவ்விடத்தை நிரப்பும் என்று நம்பினோம். 2022-இல் சூப்பர் லீக் வாகை சூடிய ஐதராபாத் குழு, மூன்றே ஆண்டில் தில்லிக்குப் பெயர்ந்துவிட்டது.

கச்சிபௌலியில் கேரளம் தோற்ற அந்த ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு, குழுச்சுற்றில் அதே கேரளத்தோடு 2-2 என்று சமன் செய்த அணி ஒன்று உண்டு. அது தமிழ்நாடு. அடுத்த சுற்றுக்கு இடம் கிடைக்காமல், புத்தாண்டுக்கு முன்பே அந்தப் பையன்கள் ஊருக்குத் திரும்பியிருந்தார்கள்.