பிரஷ் கட்டர் 'ஓவர்ஃப்ளோ' ஆகிறதா?

தென்னந்தோப்பில் புல் பூவெடுத்துவிட்டது. விதை உதிர்வதற்குள் வெட்டி மூடாக்காகப் போட்டாக வேண்டும். பிரஷ் கட்டரை எடுத்து 20 தடவை இழுத்தேன். 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். "எதுக்குங்க சார் இந்தப் பாடு? களைக்கொல்லி அடிச்சா ஒரே நாள் வேலை" என்றார் பக்கத்துத் தோட்டக்காரர். வங்கியில் பேனா பிடித்த கை, பதில் சொல்லத் தெரியவில்லை. மிஷினில் கோளாறு இல்லை, நான் இழுத்த விதம்தான் கோளாறு என்பது மெக்கானிக் சொல்லித்தான் புரிந்தது.

குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதனால் சோக் போட்டுக் காற்றைக் குறைத்து, பெட்ரோலைக் கூடுதலாக இழுக்க விடுகிறோம். அந்த முதல் 'டப்' சத்தம்தான் முக்கியம். பெட்ரோல் வந்துவிட்டது, போதும் என்று எஞ்சின் சொல்கிறது. உடனே சோக்கை எடுத்துவிட்டால் இரண்டு மூன்று இழுப்பில் ஓடும். நான் சோக்கோடு மேலும் மேலும் இழுத்தேன். பிளக் நனைந்துவிட்டது, நனைந்த பிளக்கில் பொறி சரியாக வராது. டூ ஸ்ட்ரோக்கில் இன்னொரு சங்கடம், பெட்ரோல் கிராங்க் அறை வழியாகத்தான் மேலே போகிறது. மிஞ்சியது அங்கே தேங்கிவிடும். பிளக்கைத் துடைத்து மாட்டினாலும் மறுபடி நனையும்.

எஞ்சின் சூடாக இருந்தால் சோக் வேண்டாம். டீ குடித்துவிட்டு வந்து, பழக்கத்தில் சோக் போட்டுத்தான் நம்மில் பலர் மாட்டிக்கொள்கிறோம். 'டப்' கேட்காவிட்டாலும் நாலைந்து இழுப்புக்கு மேல் சோக்கோடு இழுக்காதீர்கள்.

மீறி ஆகிவிட்டால், சுவிட்சை ஆஃப் செய்து, சோக்கை எடுத்து, பிளக்கைக் கழற்றுங்கள். டேங்க் மூடி இறுகியிருக்கட்டும். பிளக் துளை கீழே பார்க்கும்படி சாய்த்து ஏழெட்டு முறை இழுத்தால் தேங்கிய பெட்ரோல் தெறித்து வெளியேறும். முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள், பக்கத்தில் பீடி, அடுப்பு கூடாது. 10 நிமிடம் காயவிட்டு, பிளக்கைத் துடைத்து மாட்டி, பெட்ரோல் கொட்டிய இடத்தைவிட்டுத் தள்ளிப்போய், சுவிட்சைப் போட்டு, சோக் இல்லாமல் இழுங்கள். கழற்றாமலே ஆக்சிலேட்டரை முழுசா அழுத்திக்கொண்டு இழுக்கச் சொல்வார்கள். பலிக்கும்தான், ஆனால் ஸ்டார்ட் ஆன நொடியே பிளேடு சுற்றும். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

கழற்றிய பிளக் காய்ந்தே இருந்தால் கதை வேறு. பெட்ரோலே வரவில்லை என்று அர்த்தம். ஃபில்டரில் அடைப்பைப் பாருங்கள்.

அன்றைக்கு 11 மணிக்குத்தான் மிஷின் ஓடியது. புல் முழுவதும் விழ மாலையாகிவிட்டது. பக்கத்துத் தோட்டக்காரர் வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.