ஒரே எல்லை, ஒரே பொறுப்பு

இமயமலைச் சரிவில் அமைந்த சிறிய நாடு பூடான். இந்தியாவுடன் அது ஏறத்தாழ 700 கிலோமீட்டர் எல்லையைப் பகிர்ந்துகொள்கிறது. பூடானின் ஆறுகள் தரும் நீர்மின்சாரத்தை இந்தியா விலைக்கு வாங்குகிறது.

1990களில் அசாமைச் சேர்ந்த ஆயுதக் குழுக்கள் தெற்குப் பூடானின் காடுகளில் முகாம்கள் அமைத்தன. அவை அசாமில் தாக்குதல் நடத்திவிட்டு எல்லை கடந்து மறைந்தன. அயல்நாட்டு மண்ணில் இந்தியப் படை தன் விருப்பப்படி நுழைய இயலாது. பூடானுக்கும் தயக்கம் இருந்தது. அந்நாட்டு மக்கள் பலர் அசாம் சாலைகள் வழியாகவே பயணம் செய்தனர். பகை மூண்டால் அவர்கள் உயிருக்கு ஆபத்து நேரும்.

எனவே பூடான் அரசு பல ஆண்டுகள் பேச்சுவார்த்தை நடத்தியது. அது பயனளிக்கவில்லை. 2003 டிசம்பர் 15 அன்று பூடான் படை முகாம்களைத் தாக்கி அழித்தது. தப்பி வந்தோரை எல்லையில் இந்தியப் படை தடுத்தது. இம்முயற்சியில் பூடான் வீரர்கள் சிலர் உயிர் துறந்தனர்.

2007இல் இரு நாடுகளும் நட்புறவு உடன்படிக்கையைப் புதுப்பித்தன. ஒரு நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு விளைவிக்கும் செயல்களுக்கு மற்ற நாடு தன் மண்ணில் இடமளிக்கலாகாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. அதே ஆண்டில் 1020 மெகாவாட் திறனுடைய தாலா நீர்மின்நிலையம் முழு அளவில் இயங்கத் தொடங்கியது.

சிந்திக்க: அண்டை நாட்டின் அமைதி நம் நாட்டின் வளர்ச்சிக்கு எவ்வாறு துணைபுரிகிறது?