வரைகலை நிரலில் தமிழை அமைத்தல்

கரைக்கும் முந்திக்கும் உருவமைப்பு வரையும் வேலை கிராஃப் தாளை விட்டுக் கணினிக்கு மாறி வருவதை நம் அங்கத்தினர் அறிவர். ஆயினும் திரையில் தோன்றும் கட்டளைகள் ஆங்கிலத்தில் இருப்பதனால், கைதேர்ந்த நெசவாளரும் அதனருகே செல்லத் தயங்குகின்றனர். வரையத் தெரிந்தவர் ஒருவர், வாசிக்கத் தெரிந்தவர் மற்றொருவர் என்றாகி, நெய்பவரின் கற்பனை பிறர் விரல் வழியே வரவேண்டியதாகிறது. இத்தடையை ஓரளவு நீக்கும் வழி சில நிரல்களுக்குள்ளேயே இருக்கிறது.

இங்க்ஸ்கேப் என்னும் நிரலை எடுத்துக்கொள்வோம். 2003ஆம் ஆண்டில் சோடிபோடி என்ற நிரலினின்றும் பிரிந்து வளர்ந்த இது, விலையின்றிக் கிடைப்பது. இதில் கோடுகளால் வரைந்த புட்டாவை எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு சிதையாது. இதன் மேற்பட்டியில் ‘எடிட்’ என்பதைத் திறந்து, ‘பிரிபரன்சஸ்’ என்பதற்குள் சென்று, ‘இன்டர்ஃபேஸ்’ பகுதியில் மொழிப் பட்டியலைக் காணலாம். அதில் தமிழைத் தேர்ந்து, நிரலை மூடி மறுபடி திறத்தல் வேண்டும். பட்டிகள் நிரல் தொடங்கும்போதே கோக்கப்படுவதால், திறந்திருக்கையில் மாற்றம் முழுமையாகத் தோன்றாது.

மொழியை மாற்றினால் பழைய படங்கள் கெட்டுவிடுமோ என்று அஞ்ச வேண்டுவதில்லை. மாறுவது கட்டளைகளின் பெயரேயன்றிக் கோப்பு அன்று. கண்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்திச் சேமிப்பது போன்ற விசைக் குறுக்குவழிகளும் அப்படியே இருக்கும். எனவே அவற்றை முதலில் பழகிக்கொள்வது உத்தமம்.

பட்டியில் தமிழோடு ஆங்கிலமும் கலந்து தோன்றுமாயின் அது பழுதன்று. ஒவ்வோர் ஆங்கிலத் தொடருக்கும் நேரான தமிழ்த் தொடரைத் தன்னார்வலர்கள் ஒரு தனிக் கோப்பில் எழுதி வைக்கின்றனர். எழுதப்படாத இடத்தில் ஆங்கிலமே நிற்கும். சொற்பொருத்தம் பற்றி நமக்குக் குறை இருப்பின், திருத்தம் எழுதி அனுப்பவும் இடமுண்டு. தறியறிந்தவர் அதில் கைவைத்தால் சொற்கள் இன்னும் தெளிவுபெறும் என்பது நம் எண்ணம்.

யாரேனும் தவறுதலாக அறியாத மொழிக்கு மாற்றிவிட்டால், ஷிஃப்ட், கண்ட்ரோல், பி மூன்றையும் ஒருங்கே அழுத்துக. அமைப்புச் சாளரம் திறக்கும். அதுவும் கைகொடாவிடில், நிரலை மூடிவிட்டு, பயனர் கோப்புறையிலுள்ள ‘பிரிபரன்சஸ்.எக்ஸ்எம்எல்’ என்ற கோப்பின் பெயரை மாற்றி வைத்தால், எல்லா அமைப்புகளும் தொடக்க நிலைக்குத் திரும்பும்.

கட்டணம் செலுத்திப் பெறும் அடோபி இல்லஸ்ட்ரேட்டரில் முறை வேறு. அதனை நிறுவித் தரும் மேலாண்மை நிரலில் மொழியைத் தேர்ந்தபின் மறுபடி நிறுவ வேண்டும்.

பயிற்சி வகுப்பில் ஆங்கிலப் பெயர்களைக் கொண்டே கற்பவர், வகுப்பு முடியும்வரை ஆங்கிலத்திலேயே வைத்திருப்பது நலம். இன்றேல் ஆசிரியர் சொல்வதொன்றும் திரையில் காண்பதொன்றுமாகிக் குழப்பம் நேரும். தாமே பழகுவோருக்குத் தமிழே ஏற்றது. ஒரே கணினியைச் சங்கத்தில் பலர் பயன்படுத்துமிடத்து, ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்கு ஏற்படுத்துக. மொழித் தேர்வு அந்தந்தக் கணக்கிலேயே தங்குமாதலால், ஒருவருடைய தமிழ் மற்றவருடைய ஆங்கிலத்துக்கு இடையூறாகாது.