கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மூன்று அங்குலம்

மேலைநாட்டு வேட்டைக்காரர்கள் சிலருக்குப் புருவத்தின் மேல் பிறை வடிவில் ஒரு தழும்பு இருக்கும். துப்பாக்கியில் பூட்டிய தொலைநோக்கி கொடுத்த தழும்பு அது. விசையை இழுத்ததும் துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. தொலைநோக்கியின் உலோக விளிம்பு புருவ எலும்பில் மோதித் தோலைக் கிழிக்கிறது. கண்ணாடிக்கு மிக அருகே கண்ணைக் கொண்டுபோனவர்களுக்குத்தான் இது நேரும்.

எவ்வளவு தள்ளிக் கண்ணை வைக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒளியியலில் அதை 'ஐ ரிலீஃப்' என்பார்கள். கண் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். தொலைநோக்கி என்றாலே எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்றுதான் கேட்கிறோம். துப்பாக்கித் தொலைநோக்கியைப் பொறுத்தவரை பொறியாளர்களை அதைவிட அதிகம் படுத்தியது இந்த இடைவெளிதான் என்பது என் எண்ணம்.

அதை நீங்களே பார்க்கலாம். வீட்டில் பைனாகுலர் இருந்தால் வெளிச்சமான ஜன்னலை நோக்கிப் பிடியுங்கள். சூரியனை நோக்கி மட்டும் பிடிக்கவே கூடாது. கண் வைக்கும் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினால் அதில் சின்னதாக ஒரு ஒளி வட்டம் விழும். தாளை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் மட்டும் அந்த வட்டத்தின் ஓரம் கத்தரித்து எடுத்ததுபோல் கூர்மையாகும். முன்பக்க லென்ஸில் நுழைந்த ஒளியெல்லாம் அந்தச் சிறு வட்டத்தின் வழியாகத்தான் வெளியே வருகிறது. நம் கண்பாவை சரியாக அங்கே நின்றால் காட்சி முழுதாகத் தெரியும். பின்பக்கக் கண்ணாடியிலிருந்து அந்தத் தாள் வரை உள்ள தூரமே கண் இடைவெளி.

வட்டத்தின் அகலத்தையும் எளிதில் கணக்கிடலாம். முன்பக்க லென்ஸின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் போதும். 4 மடங்கு பெரிதாக்கும் 32 மி.மீ. தொலைநோக்கிக்கு 8 மி.மீ. வட்டம். அதே லென்ஸை வைத்து 16 மடங்கு பெரிதாக்கினால் 2 மி.மீ.தான் மிஞ்சும். நம் கண்பாவை நல்ல வெயிலில் 2, 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கும், இருட்டில், இளம் வயதினருக்கு 7 மி.மீ. வரை விரியும். வட்டம் பெரிதாக இருந்தால் தலை சற்று அசைந்தாலும் காட்சி தப்பாது. சிறுத்துவிட்டால் மயிரிழை அசைவில் படம் மறைந்துவிடும். பெருக்கத்தைக் கூட்டக் கூட்டப் பயன்படுத்துவது கடினமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண் இடம் மாறினால் தொலைநோக்கியே காட்டிக்கொடுத்துவிடும். படத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே அளவில் கருவளையம் தெரிந்தால் கண் மிக அருகிலோ மிகத் தொலைவிலோ இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் கறுப்பு ஏறினால் தலை பக்கவாட்டில் விலகியிருக்கிறது.

பைனாகுலரில் இந்த இடைவெளி 1 அல்லது 2 செ.மீ. இருந்தாலே போதும். துப்பாக்கியில் அது நடக்காது. உதாரணமாக, சுமார் 10 கிராம் எடையுள்ள தோட்டா வினாடிக்கு 850 மீட்டர் வேகத்தில் குழலைவிட்டுப் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதோடு வெடிமருந்தின் வாயுவும் சீறிக்கொண்டு வெளியேறுகிறது. அதற்கு ஈடாக 4 கிலோ துப்பாக்கி வினாடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் வேகத்தில் பின்னால் வருகிறது. தோள்பட்டை அதை வாங்கிக்கொண்டு பின்வாங்குவதற்குள் சில செ.மீ. நகர்ந்துவிடும். ஆகவேதான் வேட்டைத் துப்பாக்கித் தொலைநோக்கிகளில் பெரும்பாலும் மூன்று முதல் நான்கு அங்குல இடைவெளி வைக்கிறார்கள். அமெரிக்க ராணுவத்தினர் எம்-16 வகைத் துப்பாக்கிகளில் பூட்டும் 4 மடங்கு ஏகாக் தொலைநோக்கியில் வெறும் ஒன்றரை அங்குலம்தான். அந்தத் துப்பாக்கியின் தோட்டா சிறியது, உதைப்பும் மிகக் குறைவு என்பதால் அங்கே அது செல்லுபடியாகிறது.

இடைவெளியைத் தாராளமாக வைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். வைக்கலாம், ஆனால் காட்சி குறுகும். சாவித்துளையில் கண்ணை ஒட்டிப் பார்த்தால் அறை முழுதும் தெரியும். நான்கு அடி தள்ளி நின்று பார்த்தால் எதிர்ச் சுவரில் ஒரு துண்டுதான் தெரியும். தொலைநோக்கியின் பின்பக்கக் கண்ணாடிக்கும் இதே விதிதான். அதிலிருந்து தப்ப அந்தக் கண்ணாடியைப் பெரிதாக்கினால் எடையும் பருமனும் ஏறும். ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க முடியும்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் இந்தப் பேரத்தின் ஒரு கோடிக்கே போனார்கள். அவர்களுடைய இசட்.எஃப்.41 தொலைநோக்கி, துப்பாக்கியின் பின்பக்கக் குறிமுனைக்கு (ரியர் சைட்) அருகே, கண்ணிலிருந்து ஓர் அடிக்கும் மேல் தள்ளி உட்கார்ந்தது. பெருக்கம் ஒன்றரை மடங்குதான். மேற்பகுதி காலியாக இருந்ததால் தோட்டாக்களைக் கொத்தாக உள்ளே தள்ள முடிந்தது, புருவமும் தப்பித்தது. ஆனால் குறுகலான காட்சிக்குள் இலக்கைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. ஒரு லட்சத்துக்கும் மேல் செய்தும் அது படைவீரர்களிடம் நல்ல பெயர் வாங்கவில்லை. பிற்காலத்தில் அமெரிக்கரான ஜெஃப் கூப்பர் இதே முன்தள்ளிய அமைப்பை 'ஸ்கவுட்' துப்பாக்கி என்ற பெயரில் மீண்டும் கொண்டுவந்தார். இரண்டு கண்களையும் திறந்துவைத்து விரைந்து குறிபார்க்க அது உதவும் என்பது அவர் வாதம்.

சோவியத் படையினர் மறுவழியில் போனார்கள். மொசின் துப்பாக்கியின் நேர் மேலே 3.5 மடங்கு பி.யு. தொலைநோக்கியைப் பூட்டினார்கள். உடனே இரண்டு சிக்கல்கள் வந்தன. தோட்டாவை ஏற்றும் கைப்பிடியை உயர்த்தினால் தொலைநோக்கியில் இடித்தது. அதைக் கீழ்நோக்கி வளைத்து நீட்ட வேண்டியதாயிற்று. ஐந்து தோட்டாக்களை ஒரே தள்ளில் ஏற்றும் வசதியும் போய், ஒவ்வொன்றாகச் செருக நேர்ந்தது. அமெரிக்காவின் கேரண்ட் துப்பாக்கிக்கோ எட்டுத் தோட்டாக்கள் அடங்கிய கொத்தை மேலிருந்துதான் கொடுக்க வேண்டும், காலிக் கொத்தும் மேல்நோக்கித்தான் தெறிக்கும். வேறு வழியின்றித் தொலைநோக்கியை இடப்பக்கம் ஒதுக்கினார்கள். சுடுபவரின் கன்னமும் இடப்புறம் நகர வேண்டியிருந்ததால் கட்டையில் தோல் மெத்தை ஒன்றை வரிந்து கட்டினார்கள்.

நம் ராணுவத்திலும் நெடுங்காலமாக இருக்கும் டிராகுனோவ் துப்பாக்கியின் பி.எஸ்.ஓ.-1 தொலைநோக்கியில் எனக்குப் பிடித்த தீர்வு இருக்கிறது. அதன் கண் இடைவெளி 68 மி.மீ. பின்னால் ஒரு ரப்பர் கூண்டு நீண்டிருக்கும். அதில் புருவம் தொட்டாலே கண் உரிய இடத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். இருட்டிலும் பதற்றத்திலும் அளந்து பார்க்க வேண்டியதில்லை. பக்க வெளிச்சமும் உள்ளே வராது.

பூட்டும் வேலையிலும் கண்ணுக்கே முதலிடம். தொலைநோக்கியைத் துப்பாக்கியில் பிடித்துவைக்கும் வளையங்களை இறுக்காமல் அதை அவற்றில் வைத்து, பெருக்கத்தை உச்சத்துக்குத் திருப்பிக்கொள்வார்கள். பல தொலைநோக்கிகளில் அப்போதுதான் இடைவெளி மிகக் குறையும். பிறகு கண்களை மூடிக்கொண்டு, கன்னத்தைக் கட்டையில் இயல்பாகச் சாய்த்து, கண்ணைத் திறந்து பார்ப்பார்கள். கருவளையம் தெரிந்தால் குழாயை முன்னும் பின்னும் நகர்த்திச் சரிசெய்ய வேண்டும். படுத்துச் சுடும்போது தலை தானாக முன்னே போகும். நின்றால் பின்னே வரும். தடித்த குளிராடை போட்டால் இன்னும் மாறும். ஆகவே எந்த நிலையில் அதிகம் சுடுவார்களோ அதில் வைத்தே பார்க்க வேண்டும். 1995-இல் அமெரிக்க ராணுவம் வரையறுத்த, துப்பாக்கியின் மேல் வளையங்களைப் பூட்ட உதவும் பிக்காட்டினி தண்டவாளத்தில் சுமார் 10 மி.மீ.க்கு ஒரு பள்ளம் இருப்பதால் இந்த நகர்த்தல் எளிதாயிற்று. கடைசியில் குறுக்குக்கோட்டைத் தூக்குக்குண்டு நூலோடு ஒப்பிட்டு நேராக்கி, திருகுகளை அளவறிந்து முடுக்குவார்கள். அளவு மீறினால் குழாயே நசுங்கும்.

துப்பாக்கி நம்மில் அநேகருக்கு எட்டாத பொருள். பைனாகுலர் அப்படியல்ல. பறவை பார்க்கவோ கிரிக்கெட் பார்க்கவோ அதை வாங்கப் போகும் மூக்குக்கண்ணாடிக்காரர்கள் பெருக்கத்தைக் கேட்பதற்கு முன் கண் இடைவெளியைக் கேளுங்கள். உங்கள் கண்ணாடியே கண்ணிலிருந்து 12 மி.மீ. அளவுக்குத் தள்ளித்தான் இருக்கிறது. ஆகவே 15 மி.மீ.க்குக் குறைந்ததை வாங்காதீர்கள்.