நன்றியறிதலும் தேசாபிமானமும்

கிறிஸ்து மதத்தைத் தழுவியோர்க்குத் தேசாபிமானம் குறைவு என்றொரு பேச்சு நம்மிடையே நெடுநாளாக உலவி வருகிறது. வேதம் அந்நியரிடமிருந்து வந்தது, ஆகவே விசுவாசமும் அந்நியரிடமே இருக்கும் என்பது அவ்வாறு பேசுவோரின் நியாயம். இதைப் பரிசோதிக்க விரும்புவோர் திருவள்ளூர் ஜில்லாவைச் சேர்ந்த பழவேற்காட்டுக்கு ஒருமுறை போய் வருவது நலம். போர்த்துக்கீசியர் காலத்தில், 1515ஆம் ஆண்டில், ஸ்தாபிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் மாதா கோயில் அங்கே இருக்கிறது. அதற்கு ஏறக்குறைய நூறு வருஷங்களுக்குப் பின் எழுந்த டச்சுக்காரரின் கெல்திரியாக் கோட்டை இன்று இடிந்து புதர் மண்டிக் கிடக்கிறது. போர்த்துக்கீசியர் போயினர்; டச்சுக்காரர் போயினர்; ஆங்கிலேயரும் போயினர். மாதாவைத் தொழும் மீனவர் போகவில்லை. அவர்களுக்குப் போவதற்கு வேறு தேசம் ஏது?

ஆயினும் உண்மையை மறைத்தல் தகாது. அந்நிய ஆட்சியில், படித்த கிறிஸ்தவர் பலர், பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் தந்த வெள்ளையருக்கே தாம் நன்றிக்கடன் பட்டிருப்பதாக எண்ணினர். நன்றி என்னும் நற்குணமே அடிமைத்தனத்துக்குக் காவலாயிற்று. இம்முடிச்சை அவிழ்த்தவர்களுள் முதன்மையாக நாம் மதிப்பது, 1892இல் தஞ்சாவூரில் பிறந்த ஸ்ரீ ஜே. ஸி. குமரப்பாவை. லண்டனில் கணக்குப் பரிசோதனை பயின்று பம்பாயில் செல்வாக்குடன் தொழில் நடத்திய இக்கிறிஸ்தவர், அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலையில் இந்தியாவின் பொதுநிதியை ஆராய்ந்தபோது, நம் குடியானவனின் வறுமைக்குக் காரணம் யாரென்பதைக் கண்டார். சீமை உடுப்பைக் களைந்தார். 1929இல் காந்தியடிகளை அடைந்தார். உப்புச் சத்தியாக்கிரக காலத்தில் ‘யங் இந்தியா’வில் எழுதிச் சிறை புகுந்தார். தொண்டர்மீது தடியடி விழுகையில் வாளாவிருந்த பாதிரிமாரைப் பகிரங்கமாகக் கேள்வி கேட்டவரும் அவரே. எருசலேமைப் பார்த்துக் கண்ணீர் விட்ட இயேசுவின் அடியார் தம் ஜனங்களின் துயரைக் கண்டும் கலங்காதிருப்பது எங்ஙனம்?

1949இல் அரசியல் நிர்ணய சபை மதவாரியான ஸ்தான ஒதுக்கீட்டைக் கைவிட்டபோது அதற்கு முன்னின்றவர்களுள் ஒருவரான ஹரேந்திர குமார் முகர்ஜியும் கிறிஸ்தவரே என்பதை இங்கே நினைவூட்டுகிறோம்.

குமரப்பா ஒரே சிறைவாசத்தில் இரண்டு நூல்கள் எழுதினார். ஒன்று இயேசுவின் உபதேசத்தைப் பற்றியது; மற்றொன்று நிலைத்து நிற்கும் பொருளாதாரத்தைப் பற்றியது. இரண்டும் ஒரே நம்பிக்கையில் கிளைத்தவை என்பது நமது அபிப்பிராயம். பூமியும் நீரும் ஆண்டவன் அருளியவை. பயனைக் கொள்ளலாம், ஊற்றை அழிக்கலாகாது. பயன் தந்ததையே கொன்று தின்பதைப் புல்லுருவியின் பொருளாதாரம் என அவர் இகழ்ந்தார்.

இந்நூலைத் திருவள்ளூர் ஜில்லாவில் படிப்பதற்குத் தனிப்பட்ட காரணமுண்டு. கும்மிடிப்பூண்டியின் ஆலைகள் ஆயிரக்கணக்கானவர்க்குச் சோறளிக்கின்றன. அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கதையை யாவரும் அறிவர். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விஸ்தரித்தால் பழவேற்காடு ஏரிக்கும் கேடு விளையுமென மீனவர் அஞ்சுகின்றனர். மாதாவைத் தொழுவோரும், அம்மனைத் தொழுவோரும், மசூதிக்குச் செல்வோரும் ஜீவனத்துக்கு நம்பியிருப்பது அந்த ஏரியைத்தான். அதன் பொருட்டு எழும் குரல்களில் ஜில்லாவின் கிறிஸ்தவ இளைஞர்களுடைய குரல் முதலில் கேட்க வேண்டுமென விரும்புகிறோம்.