ஏரி இறங்கினா வர்ற விருந்தாளிகள்

மார்ச் மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை காலை. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில நாங்க மூணு பேர். ரெண்டு பைனாகுலர், கடன் வாங்கின ஒரு ஸ்கோப். தேடிப் போனது சிட்டுக்குருவி சைஸ்ல இருக்கிற ஒரு பறவையை. பேரு லாங்-டோட் ஸ்டின்ட். நம்ம பக்கம் அபூர்வமாத்தான் கண்ணுல படும்.

இதுல ஒரு சங்கடம் இருக்கு. சென்னைக்குக் குடிதண்ணி தர்ற ஏரி இது. 24 அடி தொட்டா நமக்கு நிம்மதி. ஆனா உள்ளான்களுக்கு வேண்டியது தண்ணி விட்டுப்போன சேறு. மழைக்காலம் முடிஞ்சு ஏரி இறங்க இறங்க, புழுவும் பூச்சியுமா ஈரச்சேறு தினம் புதுசா வெளிய வரும். அதுதான் அதுங்களோட சாப்பாட்டு மேசை.

சாப்பிடுற விதத்தைப் பார்த்தே பாதி அடையாளம் சொல்லிடலாம். உப்புக்கொத்திக்குக் கண்ணு பெருசு. குடுகுடுன்னு ஓடும், டக்குனு நிக்கும், கொத்தும். உள்ளான் வகைகள்ல பலதுக்கு அலகு நுனியிலேயே தொடு உணர்ச்சி உண்டு. சேத்துக்குள்ள விட்டுத் துழாவியே இரையைக் கண்டுபிடிச்சிடும்.

ஸ்டின்ட்ல தான் தலைவலி. கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு. டெமிங்க்ஸ் ஸ்டின்டுக்கும் நாங்க தேடினதுக்கும் கால் மஞ்சள். டெமிங்க்ஸுக்கு முதுகும் மார்பும் சாம்பல் பூசின மாதிரி சாதாரணமா இருக்கும். லாங்-டோடுக்கு முதுகுல செதில் செதிலா, மார்புல கோடு கோடா இருக்கும், கழுத்தைத் தூக்கி நிமிர்ந்து நிக்கும். புத்தகத்துல இவ்வளவு சுலபம். நேர்ல கால் முழுக்கச் சேறு அப்பியிருக்கும், மஞ்சளே கறுப்பாத்தான் தெரியும்!

எட்டு மணிக்கு அப்படி ஒண்ணு நிமிர்ந்து நின்னுச்சு. முதுகுல கோடு இருந்த மாதிரி இருந்துச்சு. போட்டோ வேணும்னு நான் பத்தடி முன்னாடி போனேன். கூட்டம் மொத்தமும் எழுந்து பறந்துடுச்சு. தப்பு என்னோடதுதான். ஏப்ரல், மேல சைபீரியா பக்கம் கிளம்பணும்னா அதுங்க இப்பவே கொழுப்பு சேர்த்தாகணும். ஒவ்வொரு தடவை பறக்க வைக்கிறப்பவும் அந்தச் சேமிப்புல இருந்துதான் செலவு. சேத்து ஓரத்துல இறங்காம, கரையில உட்கார்ந்து காத்திருந்தா அதுங்களே மேய்ஞ்சுகிட்டுப் பக்கத்துல வந்திருக்கும்.

பதினோரு மணி வரைக்கும் திரும்பி வரல. ஈபேர்ட்ல லாங்-டோட்னு போடலாமான்னு ஒரு பெரிய விவாதம். அபூர்வப் பதிவைத் தப்பா போட்டா, அதை நம்பி நாளைக்கு வேற யாராவது பெட்ரோல் செலவு பண்ணி வருவாங்க. கடைசியில "ஸ்டின்ட், இனம் தெரியல, 1"ன்னு போட்டுட்டு டீக்கடைக்கு நடந்தோம்.